ரத்தம் வரும் இடத்தைத்தான் தீட்ட வேண்டும்

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பல் டொக்டரை ரேடியோவுக்குக் கூப்பிட்டால் சூத்தைப் பல்லைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன். சூத்தை வலிக்கும், வலித்தால் நான் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவீர்கள். முரசு, அதாவது பல் ஈறு, அதில் வரும் வருத்தம் அப்படியில்லை. பெரும்பாலும் வலிக்காது. சத்தமில்லாமல் வருசக்கணக்காக இருந்து, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்த பிறகுதான் தெரியவரும்.

கொஞ்ச நாளைக்கு முன் படுவான்கரைப் பக்கமிருந்து ஓர் அம்மா கிளினிக்குக்கு வந்தார். கீழ் முன்பல் இரண்டு ஆடுகிறது. "தீட்டக்குள்ள ரத்தம் வந்திச்சு மகன். புண்ணாக்கும் எண்டு அந்தப் பக்கம் பிரஷ் படாமப் பாத்துக்கிட்டன்" என்றார். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். பேத்தி பிறந்ததிலிருந்தாம். பேத்தி இந்த வருசம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதப்போகிறாள்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரத்தம் வந்தால் கையை எடுப்பதுதான் யாரும் செய்வது. ஆனால் முரசு விசயத்தில் அது தலைகீழ். பல்லும் முரசும் சேரும் இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகப் பசை மாதிரி வரும். அத்தனையும் கிருமி. அதோடு சண்டை பிடிக்க உடம்பு அங்கே ரத்தத்தைக் கூட்டி அனுப்புகிறது. முரசு சிவந்து, வீங்கி, தொட்டாலே கசிகிறது. ஆகவே அந்த ரத்தம் பிரஷ் குத்தி வந்ததல்ல, பிரஷ் போகாததால் வந்தது.

1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பேராசிரியர் நல்ல முரசுள்ள 12 பேரைப் பல் தீட்டாமல் இருக்கச் சொன்னார். மூன்று கிழமைக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கியது. திரும்பத் தீட்டத் தொடங்கியதும் ஒரு கிழமை அளவில் சரியாகிவிட்டது. அதே மனிதர் 1970இல் நம் இலங்கைக்கு வந்தார். மலையகத் தேயிலைத் தோட்டங்களில், பல் தீட்டும் பழக்கமில்லாத 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்து, 15 வருசம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு எலும்பு வேகமாகக் கரைந்தது, 81 பேருக்கு மிதமான வேகத்தில். 11 பேருக்கு மட்டும் முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது. உலகம் முழுக்கப் பல் வைத்தியம் படிப்பவர்கள் இந்தக் கணக்கைப் படிக்கிறார்கள். நான் படித்த பக்கங்களில் அந்தத் தொழிலாளர் ஒருவரின் பெயர்கூட இல்லை. படிக்கும்போதே எனக்கு அது உறுத்தியது.

"எங்கட அப்பா தீட்டவே இல்லை, சாகும்வரை கரும்பு கடிச்சவர்" என்று சிலர் சொல்வதுண்டு. அவர் அந்த 11 பேரில் ஒருவராக இருந்திருப்பார். நீங்களும் அப்படித்தான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சரி, எப்படித் தீட்டுவது? மெல்லிய நாருள்ள பிரஷ். நாரின் நுனி முரசோரத்தில் சரிவாகப் படவேண்டும். அழுத்தித் தேய்க்காமல், சின்னச் சின்ன அசைவாக. இரவு படுக்கப்போகும் முன் தீட்டுவதைத்தான் நான் முக்கியம் என்பேன். மிஸ்வாக் பாவிப்பவர்கள் பாவியுங்கள், நல்லது. கடைவாய்ப் பல்லின் உட்புறத்துக்கு அது சரியாக எட்டாது, அதற்கு மட்டும் பிரஷ் வேண்டும். உமிக்கரி வேண்டாம், பல் தேயும். ஈர்க்கால் குத்துவதும் வேண்டாம், பல்லிடுக்குக்கென்றே நூலும் குட்டிப் பிரஷும் கடையில் இருக்கின்றன.

இரண்டு கிழமை ஒழுங்காகத் தீட்டியும் ரத்தம் நிற்கவில்லையென்றால் காறை படிந்திருக்கும். அது கல் மாதிரி, எந்தப் பிரஷுக்கும் அசையாது. நாங்கள்தான் எடுக்க வேண்டும். காறை எடுத்தால் பல் ஆடும் என்று ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது. எலும்பு கரைந்த பல்லைக் காறை சாந்து மாதிரிப் பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரியும். ஆட வைத்தது நாங்கள் இல்லை! பார்மசியில் குளிசையோ கொப்பளிக்கும் மருந்தோ வாங்கி இதைச் சமாளிக்க முடியாது. காறை இருந்த இடத்திலேயே இருக்கும். கரைந்த எலும்பு தானாக வளராது, மேலும் கரையாமல் நிறுத்தலாம்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது இரட்டைச் சுமை. சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனி அடங்க மறுக்கும். கர்ப்பிணிகளுக்கும் முரசு வீங்கும், பயமில்லாமல் வந்து காட்டலாம்.

கடைசியாக வெற்றிலை.  முரசில் ரத்தம் கசிந்தாலும் வெற்றிலைச் சிவப்பில் தெரியாது. வருத்தம் ஒளிந்துகொள்கிறது. நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதையும், அதற்கு முக்கிய காரணங்களில் பாக்கும் புகையிலையும் உண்டு என்பதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரு பல்லைக் கழற்ற வேண்டி வந்தது. மற்றது நிற்கிறது, ரத்தமும் நின்றுவிட்டது. இப்போது பிரஷை வெற்றிலைப் பைக்குள்தான் வைத்துக்கொண்டு வருகிறார். அந்தப் பையைப் பற்றி அடுத்த முறை அவரோடு பேச வேண்டியிருக்கிறது.