கலப்பு பின்னத்தைப் பெருக்கும்போது முழு எண்ணைத் தனியாகப் பெருக்கினால் ஏன் தப்பாகிறது?

சரி, அடுத்த சந்தேகம். கலப்பு பின்னங்களை, அதாவது 2½ மாதிரி முழு எண்ணும் பின்னமும் சேர்ந்தவற்றைக் கூட்டும்போது முழு எண்ணைத் தனியாக, பின்னத்தைத் தனியாகக் கூட்டுகிறோமே, பெருக்கும்போது அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டு, 2½ × 3¼ = 6⅛ என்று ஒருவர் போட்டுக் காட்டியிருக்கிறார்.

தப்புதான், ஆனால் யாருக்கும் வரக்கூடிய தப்பு. இரண்டரையை வெறும் மூன்றால் பெருக்கினாலே ஏழரை வந்துவிடுகிறது. மூன்றேகாலால் பெருக்கினால் இன்னும் கூடத்தானே வர வேண்டும், ஆறு சொச்சத்தில் எப்படி நிற்கும்?

எது விட்டுப்போனது என்று பார்ப்போம். ஒரு செவ்வகம் வரைந்துகொள்ளுங்கள், நீளம் 3¼, அகலம் 2½. நீளத்தில் 3 முடிகிற இடத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு, அகலத்தில் 2 முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு, ஆக நாலு துண்டு. பெரிய துண்டு 2 × 3, ஆறு. மூலையில் இருக்கிற குட்டித் துண்டு ½ × ¼, காலில் பாதி, அதற்குத் தமிழில் பேரே அரைக்கால், அதாவது ⅛. நீங்கள் எடுத்தது இந்த இரண்டை மட்டும்தான். பக்கத்தில் ஒட்டியிருக்கிற 2 × ¼ = ½, கீழே இருக்கிற ½ × 3 = 1½, இவை அப்படியே நிற்கின்றன. இரண்டும் சேர்ந்தால் சரியாக 2. அப்போது விடை 8⅛.

நாலு தடவை பெருக்கிக் கூட்டுவது யாருக்கும் அலுப்புதான், அதனால்தான் தகா பின்னமாக, அதாவது மேல் எண் கீழ் எண்ணைவிடப் பெரிதாக இருக்கிற பின்னமாக மாற்றுகிறோம். இரண்டரையில் எத்தனை அரை? ஐந்து, எனவே 5/2. மூன்றேகாலில் எத்தனை கால்? பதின்மூன்று, எனவே 13/4. மேலே 65, கீழே 8, அதே 8⅛, முடிந்தது. பகுதியை, அதாவது கீழ் எண்ணைச் சமப்படுத்தும் வேலை இங்கே கிடையாது, அது கூட்டலுக்கும் கழித்தலுக்கும்தான்.

இன்னொன்று, அடித்துச் சுருக்குவதாக இருந்தால் மாற்றிய பிறகு சுருக்குங்கள். 2⅔ × 1⅛ என்று இருக்கும்போதே மேலே இருக்கிற 2-ஐயும் கீழே இருக்கிற 8-ஐயும் அடித்துவிடுகிறார்கள், கூடாது. 8/3 × 9/8 ஆக்கினால் 8-க்கு 8 போய்விடும், 9/3, விடை 3.

ஒருபக்கம் வெறும் முழு எண்ணாக இருந்தால் நீங்கள் கேட்ட மாதிரியே தனித்தனியாகப் பெருக்கலாம். 3¼ × 4 என்றால் 12, நாலு கால் ஒன்று, மொத்தம் 13. அங்கே இரண்டே துண்டுதான், விட்டுப்போக எதுவும் இல்லை.