அந்த செவப்புப் பக்கம்

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். மணி உங்க கையில இருக்கு, நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். ஆபீஸ்லயும் ஸ்கூல்லயும் வெப்சைட்டைத் தடுக்குறது பாதுகாப்பா, தொல்லையா? தொல்லைதாங்க!

எதிரணித் தலைவர் போற போக்குல ஒண்ணு கொளுத்திப் போட்டுட்டுப் போனாரு, "ஃபில்டர் வேணாம்னு பேசுறவங்க பிரவுசர் ஹிஸ்டரிய வாங்கிப் பாருங்க"ன்னு. கைதட்டினீங்க. தட்டினவங்க எல்லாம் உங்க ஹிஸ்டரிய ஒரு நிமிஷம் மனசுல ஓட்டிப் பாருங்க... பாத்தீங்களா, சத்தமே காணோம்! என் ஹிஸ்டரில என்ன இருக்குன்னு நானே சொல்லிடுறேன்யா.

சப்ளையர் சைட்ல ஒரு பில்லை டவுன்லோட் பண்ணணும். கிளிக் பண்ணேன். செவப்பா ஒரு பக்கம், "இந்தத் தளம் தடைசெய்யப்பட்டுள்ளது". கீழயே, அனுமதி வேணும்னா இந்த ஃபார்மை நிரப்புங்கன்னு ஒரு லிங்க். பரவால்லயே, நல்ல மனுசங்கன்னு அதைக் கிளிக் பண்ணா அதே செவப்புப் பக்கம்! ஃபார்ம் இருக்குற சைட்டையும் தடுத்து வச்சிருக்காங்க நடுவர் அவர்களே, வீட்டைப் பூட்டி சாவிய உள்ளயே போட்டுட்டு வந்த கதையா! ஐடி தம்பிக்கு போன் போட்டா "ஸ்கிரீன்ஷாட் ஏத்தி லிங்க் அனுப்புங்க சார்"ங்குறான். படம் ஏத்துற சைட்டைத் தெறந்தேன். என்ன கலர் வந்திருக்கும், நீங்களே சொல்லுங்க... ஆங், அதேதான்! கடைசில அந்தச் செவப்புப் பக்கத்தையே பிரிண்ட் எடுத்துக்கிட்டு மூணு மாடி ஏறுனேன், பிரிண்டர் கறுப்பு வெள்ளைங்கிறதால அங்க மட்டும்தான் செவப்பு இல்ல. தம்பி வாங்கிப் பாத்தான். அக்கம்பக்கம் பாத்தான். சொந்த மொபைல எடுத்து ஹாட்ஸ்பாட்டைப் போட்டு "இதுல கனெக்ட் பண்ணிக்கோங்க சார்"னான். பூட்டுப் போட்டவனே செவுரேறிக் குதிக்கிறான்யா!

"அமெரிக்காவுலயே ஸ்கூலுக்கும் லைப்ரரிக்கும் 2000ல சட்டம் போட்டாங்களே"ன்னாரு. போட்டாங்க. பெரியவங்க நியாயமான காரணத்துக்குக் கேட்டா ஃபில்டரை எடுத்துவிடலாம்னும் அதே சட்டத்துல இருக்கு, அந்த வரி வர்றப்ப மட்டும் அய்யாவுக்குக் கண்ணாடி கழண்டுடுச்சு போல. வார்த்தையப் பாத்துத் தடுக்குற மெஷினுக்கு அர்த்தமெல்லாம் தெரியாதுங்க. 1996ல இங்கிலாந்துல ஸ்கன்தார்ப்னு ஒரு ஊரு, பேரை இங்கிலீஷ்ல எழுதுனா உள்ள ஒரு கெட்ட வார்த்தை ஒளிஞ்சிருக்குன்னு அந்த ஊர்க்காரங்களால ஏஓஎல்ங்கிற இன்டர்நெட் கம்பெனில அக்கவுண்டே தொடங்க முடியல.

அதையாவது சிரிச்சிட்டுப் போயிடலாம். எங்க செக்‌ஷன்ல ஒரு அக்கா. மார்புல ஏதோ கட்டி மாதிரி தட்டுப்பட்டிருக்கு. வீட்டுல தேடுனா பிள்ளைங்க கண்ணுல பட்டுடுமேன்னு லஞ்ச் டைம்ல ஆபீஸ் சிஸ்டத்துல தேடியிருக்காங்க. செவப்புப் பக்கம். காரணம்: ஆபாசம். கீழ, "உங்கள் முயற்சி பதிவுசெய்யப்பட்டது". பதறிப்போய் மானிட்டரையே ஆஃப் பண்ணிட்டாங்களாம். அதுக்கப்புறம் ஆறு மாசம் யார்கிட்டயும் வாயே தெறக்கல.

இப்ப சிகிச்சைல இருக்காங்க. என்கிட்ட இதைச் சொல்லும்போதும் குரலைத் தாழ்த்திக்கிட்டு ஒரு தடவ மானிட்டரைத் திரும்பிப் பாத்துக்கிட்டாங்க. எதிரணித் தலைவரே, ஹிஸ்டரி கேட்டீங்கல்ல, அந்த அக்காவோடதையும் வாங்கிப் பாருங்க.

நன்றி, வணக்கம்.