மேலே 170, கீழே 85

(மதுரையில் இசை ரசிகர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். முப்பது வருஷத்துக்கு முன்னால் லண்டனில் வந்த ஜங்கிள் என்ற வேகமான நடன இசை ரெக்கார்டுகளை இன்னமும் ஏன் விடாமல் கேட்கிறார்கள்? இளமைக்கால நினைவு என்று சொல்லிவிடலாம். ஆனால் 1994-இல் பிறந்தே இராத பிள்ளைகள் அண்ணா நகரிலும் திருமங்கலத்திலும் அதைக் கேட்கிறார்களே, அவர்களுக்கு ஏது பழைய நினைவு? ஒரே தடவையில் கேட்டு முடிக்க முடியாதபடி கட்டப்பட்ட இசை இது. காரணம் அதுதான்.

முதலில் தாளத்தை எடுத்துக்கொள்வோம். 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட 'ஆமென் பிரதர்' பாட்டின் நடுவில் மற்ற வாத்தியங்கள் நின்றுவிடும். டிரம்மர் கிரிகரி கோல்மன் மட்டும் நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, வாசிப்பார். ஏழு விநாடிதான். முதல் இரண்டு பாரும் ஒரே மாதிரி இருக்கும். மூன்றாவதில் ஸ்னேர், அதாவது சடசடவென்று ஒலிக்கும் டிரம், கடைசி அடியில் அரைத் தட்டு தள்ளி விழும். நான்காவதில் முதல் தட்டே காலி. கிராஷ் சிம்பல் எதிர்பார்த்ததற்கு முன்பே வெடிக்கும். ஜங்கிளின் உயிர் இந்தத் தள்ளலில்தான் இருக்கிறது.

ஜங்கிள் செய்கிறவர்கள் அந்த நான்கு பாரைத்தான் ரெக்கார்டிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்தத் துண்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 136 தட்டு. அதை 170-க்கு ஏற்றினால் சுருதியும் கிட்டத்தட்ட நான்கு அரைச்சுரம் ஏறும். ஸ்னேர் விறைப்பாகும். பிறகு அடி அடியாக வெட்டி வரிசையை மாற்றுவார்கள். 170-இல் கால் தட்டு என்பது 88 மில்லிவிநாடி. வெட்டு அதற்குள் உட்கார வேண்டும். ஒலி அலை பூஜ்யக் கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டாவிட்டால் ஒவ்வொரு துண்டிலும் 'டிக்' என்று சத்தம் வரும். ஒவ்வொரு துண்டிலும் சிம்பலின் வால் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதைச் சுத்தம் செய்யப் போகாதீர்கள். வால் பாதியில் அறுபடுவதைத்தான் காது திரும்பத் திரும்பத் தேடி வருகிறது.

இத்தனை டிராக்குகளுக்கு அடித்தளம் போட்ட கோல்மனுக்கு ராயல்டி ஒரு காசுகூட வரவில்லை. 2006-இல் இறந்துபோனார். 2015-இல் ரசிகர்கள் திரட்டிய 24,000 பவுண்ட், குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் கைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இந்த இசையை நேசிக்கிறவர்கள் கோல்மன் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது கடமை.

மேலே டிரம்ஸ் 170-இல் ஓடும்போது கீழே பேஸ், அதாவது அடி ஒலி, அதில் பாதியான 85-இல் நடக்கும். உறுமிக்காரர் ஒரு பக்கம் வளைகுச்சியால் தேய்த்து இழுத்துக்கொண்டே மறுபக்கம் படபடவென்று அடிக்கிறாரே, அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இரட்டை நடை அந்நியமே இல்லை. ஆடுகிறவர் எந்த வேகத்தையும் பிடித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் நம் ஊரில் பெரிய சிக்கல். அந்த பேஸ் 40 முதல் 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. போனில் அது கேட்காது. கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதுவுமே வராது. பாதிப் பாட்டைத்தான் கேட்டு, 'வெறும் இரைச்சல்' என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்.

ரேடியோ செட்காரரிடம் 18 இஞ்ச் பேஸ் பாக்ஸ் இரண்டு கேளுங்கள். இரண்டையும் ஒட்டி வையுங்கள். ஒன்றில் மட்டும் வயரின் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஒரு ஸ்பீக்கரின் கோன் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். பேஸ் காணாமல் போய்விடும். ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை வயரில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸுக்குப் பிளஸ் என்றால் கோன் முன்னால் வர வேண்டும். நீங்களே டிராக் செய்கிறீர்கள் என்றால், டிரம்ஸில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் பேஸும் மோதி இரண்டும் குழம்பும். பேஸை மோனோவிலேயே, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக, வையுங்கள்.

இப்போது அந்த ஏழு விநாடியைப் போடுகிறோம், அடுத்து 170-இல் வெட்டி அடுக்கியதை. பாக்ஸுக்கு எதிரே இருப்பவர்கள் கொஞ்சம் பின்னால் வந்துவிடுங்கள். முதல் தடவை ஸ்னேரை மட்டும் பின்தொடருங்கள். பேஸை அடுத்த தடவை கவனிக்கலாம்.