தெரிந்த சேதியை எதற்குத் திரும்பச் சொல்வது?

வணக்கம் நேயர்களே.

பிட்காயின் என்ற டிஜிட்டல் பணத்தில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை. மூட்டைக்கு அளவு வரம்பும் உண்டு. கணக்குப் போட்டால் நொடிக்கு ஏழு பரிவர்த்தனையைத் தாண்டுவதே பெரும்பாடு. பிளாக்கைப் பெரிதாக்கினால் பிரச்சினை தீர்ந்தது என்றது ஒரு கட்சி; கூடாது என்றது இன்னொரு கட்சி. சண்டை முற்றி 2017 ஆகஸ்டில் முதல் கட்சி பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயமாகத் தனிக்குடித்தனமே போய்விட்டது. எனக்கென்னவோ, தெரிந்த சேதியைத் திரும்ப அனுப்பாமல் மிச்சம்பிடிக்கச் சத்தமில்லாமல் நடந்த இன்னொரு வேலைதான் பெரிதாகப் படுகிறது.

ஒரு பிளாக் கணினிக்குக் கணினி தாவிப் போய்ச்சேர எவ்வளவு நேரம்? 2013-இல் சூரிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் டெக்கரும் வாட்டன்ஹோஃபரும் அளந்தார்கள். சராசரி 12.6 நொடி. நாற்பது நொடி கழிந்தும் நூற்றுக்கு ஐந்து கணினிகளுக்குச் சேதி எட்டவில்லை. அதற்குள் விஷயம் தெரியாத ஒருவர் போட்டியாக இன்னொரு பிளாக்கைக் கட்டிவிட்டால், இருவரில் ஒருவர் உழைப்பு வீண். பிளாக் பெருத்தால் தாமதமும் பெருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிளாக்கில் இருக்கும் பரிவர்த்தனைகள் பெரும்பாலும் முன்பே வந்து ஒவ்வொரு கணினியின் காத்திருப்புப் பட்டியலிலும் உட்கார்ந்திருக்கின்றன. அதையே முழுசாக மறுபடி அனுப்புவானேன்? பிட்காயின் மென்பொருள் எழுதுபவர்களில் ஒருவரான மேட் கொரல்லோ 2016-இல் முன்வைத்த காம்பாக்ட் பிளாக் முறையில் ஒரு பரிவர்த்தனைக்கு ஆறே ஆறு பைட் அடையாளம். இரண்டாயிரம் பரிவர்த்தனை என்றால் பன்னிரண்டாயிரம் பைட்டும் கொஞ்சமும், அவ்வளவுதான். வாங்குகிற கணினி தன் பட்டியலிலிருந்து எடுத்துக் கோத்துக்கொள்ளும். இல்லாததை மட்டும் கேட்டு வாங்கும்.

சரி, அந்தப் பட்டியலுக்குப் பரிவர்த்தனை வந்து சேர்கிற வழி? அங்கேதான் ஊதாரித்தனம். ‘இது உன்னிடம் இருக்கிறதா’ என்று அண்டைக் கணினிகள் ஒவ்வொன்றும் 32 பைட் அடையாளத்தை நீட்டுகின்றன. அண்டையில் எட்டுக் கணினி என்றால், ஒரே சேதி, எட்டு வாய்.

இதைக் குறைக்க 2019-இல் நௌமென்கோ என்ற ஆய்வாளரும் உடன் சிலரும் எர்லே என்ற யோசனையைச் சொன்னார்கள். கல்யாண வீட்டில் இரண்டு பேர் மொய் நோட்டு எழுதினால், இரவு ஒத்துப் பார்ப்பார்கள் இல்லையா? இங்கே நோட்டு முழுவதையும் வாசிக்க வேண்டாம். ஒவ்வொரு கணினியும் தன் பட்டியலை ஒரு சின்னச் சுருக்கமாக்கும். இரண்டு சுருக்கங்களையும் சேர்த்தால் பொதுவானவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், வித்தியாசம் மட்டும் மிஞ்சும். பட்டியல் எவ்வளவு நீளமானாலும் கவலையில்லை; எத்தனை வித்தியாசமோ அதற்கேற்ற அளவுதான் சுருக்கம். ஒரு கணினியின் தகவல் போக்குவரத்தில் 40 சதவீதம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு.

அந்த மிச்சத்தில் ஒரு கணினி தன் அண்டைக் கணினிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். அண்டையில் இருக்கும் எட்டுப் பேரை வளைத்துப் போட்டு மோசக்காரன் ஒருவன் ஒரு கணினிக்குப் பொய்யை மட்டும் ஊட்டிவிடலாம். முப்பது பேரை வளைப்பது அவ்வளவு லேசில்லை.

நேரமாகிவிட்டது. வணக்கம்.