குழந்தைகள் மட்டுமே அழுத ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

நீதிமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. கூண்டில் நிற்கும் கறுப்பின இளைஞனை அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்கிறார். வயதில் வளர்ந்த அந்த மனிதனை ஏளனக் குரலில் 'பையா' என்றே அவர் விளித்துக்கொண்டிருக்க, மாடத்தில் அமர்ந்து பார்க்கும் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் திடீரென்று தேம்பத் தொடங்குகிறான். நிறுத்த முயன்றும் அழுகை அடங்காமல் அவனை வெளியே அழைத்துச் செல்ல வேண்டியதாகிறது. வழக்கின் சட்ட நுணுக்கம் எதுவும் அவனுக்குத் தெரியாது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் அப்படிப் பேசக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

ஹார்ப்பர் லீ எழுதி 1960ஆம் ஆண்டு வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில் வரும் காட்சி இது. அழும் சிறுவனின் பெயர் டில். ஆசிரியரின் இளம்பருவத் தோழரும் பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளருமான ட்ரூமன் கபோட்டியை மனத்தில் வைத்தே இந்தப் பாத்திரம் உருவாக்கப்பட்டது. நாவல் 1961இல் புலிட்சர் பரிசு பெற்றதையும், மறு ஆண்டு திரைப்படமானதையும் உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். குழந்தைமையின் களங்கமின்மை பற்றிய நாவல் என்றே இதைப் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தச் சொற்றொடரைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கதை நடப்பது 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்னும் கற்பனை ஊரில். ஆசிரியர் பிறந்து வளர்ந்த மன்ரோவில் ஊரின் சாயல் அதில் உண்டு. வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபின்ச் மனைவியை இழந்தவர். அவருடைய மகள் ஸ்கவுட்டுக்குக் கதை தொடங்கும்போது ஆறு வயது நிரம்பவில்லை. அண்ணன் ஜெம் அவளைவிட நான்கு வயது மூத்தவன். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியைப் பலவந்தப்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளிக்காக அட்டிகஸ் வாதாடுகிறார். அதே மாநிலத்தில் 1931இல் ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது இதே வகைக் குற்றம் சுமத்தப்பட்டதும், அடுத்த சில நாட்களிலேயே அவர்களில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதும் வரலாறு.

இந்தக் குழந்தைகள் தொடக்கத்தில் அப்படியொன்றும் களங்கமற்றவர்கள் அல்லர். அதே தெருவில் தன் வீட்டை விட்டு வெளியே வராத பூ ராட்லி என்ற மனிதரைப் பேயாகவும் பூதமாகவும் கற்பனை செய்துகொண்டு, அவர் வாழ்க்கையையே தெருவில் நாடகமாக நடித்துக் கேலி செய்கிறார்கள். அதே பூ ராட்லி அவர்களுக்காக ஒரு மரப்பொந்தில் சூயிங் கம், பழைய நாணயங்கள், சோப்பில் செதுக்கிய இரண்டு பொம்மைகள் என்று ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகிறார். ஒருநாள் அவருடைய அண்ணன் அந்தப் பொந்தை சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறார். அன்று மாலை நெடுநேரம் வாசலில் நின்றுவிட்டு ஜெம் வீட்டுக்குள் வரும்போது அவன் அழுதிருப்பது ஸ்கவுட்டுக்குத் தெரிகிறது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. பூதம் என்று தாங்கள் நினைத்தவருக்கும் தங்களுக்கும் இடையே இருந்த ஒரே வழி அடைபட்டுவிட்டது என்பதை அவன் உணர்ந்துவிட்டான். அவள் இன்னும் உணரவில்லை. ஆசிரியர் இதற்கு ஒரு வரி விளக்கமும் தருவதில்லை. இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அறியாமை காப்பாற்றும் இடமும் உண்டு. டாமை அடித்துக் கொல்ல இரவில் ஒரு கும்பல் சிறைக்கு வருகிறது. வாசலில் அட்டிகஸ் தனியாக உட்கார்ந்திருக்கிறார். நடப்பது என்னவென்று தெரியாத ஸ்கவுட், கும்பலில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டு, 'உங்கள் மகன் வால்ட்டர் என்னோடுதான் படிக்கிறான், எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டிருக்கிறான், நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்' என்ற பொருளில் பேசிக்கொண்டே போகிறாள். அந்த மனிதர் குனிந்து அவள் தோளைப் பற்றி, சொல்வதாக வாக்களித்துவிட்டுக் கும்பலைக் கலைந்துபோகச் செய்கிறார். இங்கே அவள் எந்த அறத்தையும் கற்கவில்லை, போதிக்கவும் இல்லை. கும்பலுக்குள் ஒளிந்திருந்த ஒருவரை மறுபடியும் ஒரு பையனின் தகப்பனாக்கிவிட்டாள், அவ்வளவுதான்.

இப்போது மீண்டும் டில்லிடம் வருகிறேன். நீதிமன்றத்துக்கு வெளியே அவனைத் தேற்றுபவர் டால்ஃபஸ் ரேமண்ட் என்பவர். கறுப்பினப் பெண்ணோடு குடும்பம் நடத்துவதால் ஊரால் விலக்கப்பட்டவர். இவன் இன்னும் கொஞ்சம் வளரட்டும், அதன் பிறகு அழமாட்டான் என்று அவர் சொல்கிறார். தீர்ப்பு வந்த இரவில் அட்டிகஸும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்: இப்படி முன்பும் செய்தார்கள், இனியும் செய்வார்கள், அப்போது குழந்தைகள் மட்டுமே அழுகிறார்கள் போலும் என்று. டாமின் இடது கை சிறுவயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது என்பதும், பெண்ணின் முகத்தில் அடி விழுந்த பக்கத்தைப் பார்த்தால் அது இடக்கைப் பழக்கமுள்ளவன் அடித்த அடி என்பதும் தெளிவான பிறகும் ஜூரி அவனைக் குற்றவாளி என்றது. அதைக் கேட்டு ஜெம் அழுகிறான்.

இந்த இரண்டு கூற்றுகளையும் சேர்த்துப் படித்தால், மேகோம்பில் வயதாவது என்பது அழாமலிருக்கப் பழகுவதுதான் என்று தெரியும். ஹிட்லர் யூதர்களைக் கொடுமைப்படுத்துவதை வகுப்பில் கண்டித்து, நம் நாட்டில் அப்படி நடப்பதில்லை என்று பெருமைப்படும் ஆசிரியை கேட்ஸ் அம்மையார், வழக்கு முடிந்து படியிறங்கும்போது, கறுப்பினத்தவர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்ற பொருளில் பேசியதை ஸ்கவுட் கேட்டிருக்கிறாள். இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியாமல் அண்ணனிடம் கேட்கிறாள். ஆசிரியைக்குத் தன் பேச்சில் எந்த முரணும் தெரியவில்லை. எட்டு வயதுச் சிறுமிக்கு அது உறுத்துகிறது.

இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. தொட்டால் சுருண்டு உருண்டையாகிவிடும் ஒரு பூச்சியை ஸ்கவுட் நசுக்கப் போகிறாள். ஜெம் தடுக்கிறான். ஏன் என்று கேட்டதற்கு, அது உனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்கிறான். அண்ணன் நாளுக்கு நாள் பெண்பிள்ளை போல ஆகிக்கொண்டிருக்கிறான் என்று அவள் சலித்துக்கொள்கிறாள். அதே அத்தியாயத்தில், சிறையிலிருந்து தப்ப முயன்றதாகச் சுட்டுக் கொல்லப்பட்ட டாமின் சாவுச் செய்தியைச் சொல்ல அட்டிகஸ் டாமின் வீட்டுக்குப் போகிறார். அவரைக் கண்ட மாத்திரத்தில் டாமின் மனைவி ஹெலன், எறும்பை யாரோ மிதித்ததுபோலத் தரையில் சரிந்தாள் என்று டில் சொல்கிறான். பூச்சியையும் அவளையும் ஒரே அத்தியாயத்தில் அருகருகே வைத்த ஆசிரியர் அதைக் குறித்து வேறொன்றும் பேசவில்லை.

எனக்கு ஒரு மனக்குறையும் இங்கேதான் எழுகிறது. ஹெலன் சரிவதைக்கூட நாம் டில்லின் வாய்வழியாகவே அறிகிறோம். முற்றத்தில் கோலி விளையாடிக்கொண்டிருந்த டாமின் குழந்தைகள் தந்தை இறந்ததை அறிந்து அழும் ஓசை நாவலில் எங்கும் கேட்பதில்லை. ஜெம்மும் ஸ்கவுட்டும் பெற்ற வளர்ச்சிக்கு விலை கொடுத்தது வேறொரு குடும்பம். நாவல் அந்தக் குடும்பத்தின் வாசல் வரைதான் போகிறது.

ஸ்கவுட் கடைசியில் அழுகிறாள். ஹாலோவீன் இரவில் குழந்தைகளைத் தாக்கியவனிடமிருந்து காப்பாற்றி, கை முறிந்த ஜெம்மைத் தூக்கி வந்த மனிதர் அறையின் மூலையில் நிற்கிறார். அவர்தான் பூ ராட்லி என்று உணரும்போது அவள் கண்களில் நீர் திரையிடுகிறது. பூ ராட்லியை ஊரார் முன் இழுத்துவிடக் கூடாது என்பதற்காக, தாக்கியவன் தன் கத்தியிலேயே விழுந்து இறந்தான் என்று ஷெரிஃப் முடிவு செய்கிறார். அதன் காரணத்தை அவளே தந்தைக்கு எடுத்துச் சொல்கிறாள்: பாடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத மாக்கிங்பேர்ட் பறவையைச் சுடுவது போலாகிவிடாதா என்று. அண்ணனின் அழுகை ஒருநாள் புரியாமல் நின்ற சிறுமி பேசுகிற பேச்சு இது.

பூ ராட்லியைப் பார்க்க எல்லாரையும்விட ஆசைப்பட்ட ஜெம் அந்த நேரம் முழுதும் நினைவின்றிக் கிடக்கிறான். நாவலின் முதல் பத்தி அவனுடைய முறிந்த கையில்தான் தொடங்குகிறது: ஆறிய பிறகும் இடது கை வலது கையைவிடச் சற்றுக் குட்டையாகவே இருந்தது என்று. முதல்முறை படிக்கும்போது அது ஒரு தகவலாகக் கடந்துபோகும். இரண்டாம் முறை அதே பத்திக்கு வரும்போது, நீதிமன்றத்தில் எழுந்து நின்ற டாமின் இடது கை எவ்வளவு குட்டையாகத் தொங்கியது என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

வணக்கம்.