ஆமென்: கேட்பவர் சொல்லும் சொல்

(காட்சி: தூண்கள் நிறைந்த பெரிய கூடம். நடுவில் மரமேடை.)

எகிப்தின் அலெக்சாந்திரியா நகரம். அங்கே பழங்காலத்தில் ஒரு யூதத் தொழுகைக்கூடம் இருந்தது. முன்னால் நின்று வேண்டுபவரின் குரல் பின்வரிசைக்கு எட்டாத அளவுக்குக் கூட்டம். அதனால் நடுமேடையில் ஒருவர் கையில் துணியோடு நிற்பார். வேண்டுதல் முடியும்போது துணியை வீசிக் காட்டுவார். உடனே மொத்தக் கூட்டமும் 'ஆமென்' என்று சொல்லும். ரபிகள் எனப்படும் யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனிய தல்மூத் என்ற நூல் சொல்லும் செய்தி இது.

எதற்காக இவ்வளவு சிரமம்? வேண்டுதலை ஒருவர் சொன்னால் போதாதா?

போதாது. ஆமென் எபிரேயச் சொல். உறுதி, நிலைத்து நிற்பது என்பதுதான் அதன் வேர்ப்பொருள். 'அப்படியே ஆகட்டும்' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். 'இதில் நானும் நிற்கிறேன்' என்றால் இன்னும் நெருக்கமாக இருக்கும். நம் காதுக்கு அது 'ஆம் என்' என்று கேட்பது தற்செயல்தான். ஆனாலும் என்ன பொருத்தம்!

(காட்சி: எதிரெதிரே இரண்டு மலைகள்.)

விவிலியத்தின் உபாகமம் நூலில் 27ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கண் தெரியாதவனை வழி தப்பச் செய்கிறவன் சபிக்கப்பட்டவன் என்று வழிபாட்டுப் பணி செய்யும் குலத்தவரான லேவியர் உரத்துச் சொல்ல, மக்கள் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். இப்படி 12 சாபங்கள், 12 ஆமென். சொன்னவர் லேவியர்தான். ஆனால் ஆமென் சொன்ன நிமிடமே அந்த வாக்கு கேட்டவர் தலையில் ஏறிவிடுகிறது.

அதனால்தான் யூத ரபிகள் ஆமெனுக்கே விதி வகுத்தார்கள். அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது, பாதியில் விழுங்கக் கூடாது. எதற்குச் சொல்கிறோம் என்று அறியாமல் சொன்னால் அது 'அநாதை ஆமென்'. எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. அப்படியென்றால், குரலே கேட்காத அலெக்சாந்திரியா மக்கள்? அவர்களுக்குக் குரல் எட்டவில்லையே தவிர, எந்த வேண்டுதல் நடக்கிறது என்பது தெரியும் என்று உரையாசிரியர்கள் விளக்கம் சொன்னார்கள்.

இந்தச் சொல்லைக் கிறிஸ்தவர்களும் மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த ஜஸ்டின், வழிபாட்டுத் தலைவர் நன்றி சொல்லி முடித்ததும் மக்கள் ஆமென் என்று ஆமோதிப்பதை எழுதி வைத்திருக்கிறார். இன்றும் கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்கும் முன் ஒவ்வொருவரும் தன் வாயால் ஆமென் சொல்லியாக வேண்டும். உங்களுக்காக அதை இன்னொருவர் சொல்ல முடியாது.

(காட்சி: பள்ளிவாசலில் மஃரிப் என்ற அந்திநேரத் தொழுகை.)

இஸ்லாமியத் தொழுகையில் அது 'ஆமீன்'. குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா சூராவின் 7 வசனங்களில் அந்தச் சொல் கிடையாது. இமாம் ஓதி முடித்த பிறகு சொல்வது அது. இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஷாஃபி வழியினர் சத்தமாகச் சொல்வார்கள், ஹனஃபி வழியினர் மெதுவாக. தமிழ்நாட்டில் இரு வழியினரும் உண்டு.

சரி, திரும்ப தல்மூதுக்கே வருவோம். ஒரு குழந்தைக்கு மறுமையில் எப்போது பங்கு கிடைக்கிறது என்று ரபிகள் விவாதித்தார்கள். கருவானதிலிருந்தே என்றார் ஒருவர், பிறந்ததிலிருந்து என்றார் இன்னொருவர். ரபி மேயிர் பெயரால் வரும் பதில் வேறு: அந்தக் குழந்தை ஆமென் சொன்ன நாளிலிருந்து.