கல்யாணபுரத்துக் காவலர்

நேயர்களுக்கு வணக்கம்.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போகிற பலரும் செப்புத் திருமேனிகளைத் தேடித்தான் போகிறோம். கற்சிற்பங்களுக்குப் போகிறபோக்கில் ஒரு பார்வை, அவ்வளவுதான். அந்தக் கற்களில் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் கோயிலில் இருந்த துவாரபாலகர் அவர்.

நம் பக்கத்துக் கோயில்களின் வாயிற்காவலர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவர் அசலூர்க்காரர் என்று பட்டுவிடும். பீடத்தைக் குனிந்து பாருங்கள். உடையார் விஜயராஜேந்திர தேவர் 'கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்' என்று தமிழிலேயே வெட்டியிருக்கிறது. விஜயராஜேந்திரர் என்பது இராஜேந்திர சோழரின் மகன் முதலாம் இராஜாதிராஜர் சூடிக்கொண்ட பட்டம். கல்யாணபுரம் மேலைச் சாளுக்கியரின் தலைநகர். இன்றைய கர்நாடகத்துப் பசவகல்யாண். ஊரை அழித்தோம், இவரைத் தூக்கி வந்தோம், ஒளிவுமறைவே இல்லை. தன்னிடமுள்ள பொருள் எப்படி வந்தது என்பதை இத்தனை பச்சையாகச் சொல்லும் அறிவிப்புப் பலகையை எந்த அருங்காட்சியகத்திலும் நான் கண்டதில்லை.

இன்னொன்று. இராஜாதிராஜர் 1054இல் கொப்பத்துப் போர்க்களத்தில் இறந்தார். தாராசுரம் கோயிலோ இரண்டாம் இராஜராஜர் காலத்தது, ஏறக்குறைய நூறு ஆண்டு பிந்தியது. ஆகவே இவர் இடையில் வேறெங்கோ காவல் நின்றுவிட்டுத்தான் தாராசுரம் வந்திருக்க வேண்டும். கலைக்கூடம் தொடங்கியது 1951இல். சிற்பங்களைக் கோயிலிலிருந்து பெயர்த்துவிட்டார்களே என்று அங்கலாய்ப்பவர்களிடம் நான் இவரைத்தான் காட்டுவேன்: இடம் மாறுவது சிற்பங்களுக்குப் புதிதல்ல.

ஆனால் அதே தாராசுரத்துக் கஜசம்ஹாரமூர்த்தி முன்னால் அந்த வாதம் எனக்கே எடுபடுவதில்லை. கருங்கல்லில் யானைத்தோல் விரிய, உடலை முறுக்கி ஆடுகிறார் சிவன். பக்கத்தில் அம்மை, குழந்தையோடு அஞ்சி ஒதுங்குகிறாள். சுவரோடு ஒட்டிய புடைப்புச் சிற்பத்துக்குப் பக்கவாட்டு வெயில்தான் உயிர். நேராக விழும் விளக்கொளியில் மேடுபள்ளம் மட்டுப்பட்டுவிடும். அதனால் எதிரே நிற்காமல் ஓரமாக நகர்ந்து பாருங்கள், அம்மையின் பதற்றம் அப்போதுதான் பிடிபடும்.

அப்படியே தாராசுரத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அறுபத்துமூவர் கதைகள் சின்னஞ்சிறு புடைப்புகளாக, பெயர் பொறித்தபடி, இன்னும் கோயில் சுவரிலேயே இருக்கின்றன.